‘அரசியல்’ படித்தால் மகள் அரசியலுக்குப் போய்விடுவாளா?

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், பள்ளி எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

இவர் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். கணவர் சரக்கு வண்டி ஓட்டுகிறார். ஒரே மகள். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தொடங்கி, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில், முழுக்கத் தமிழ்வழியில் படித்தவள். பத்தாம் வகுப்பில் 500-க்கு 468. சமூக அறிவியலில் மட்டும் 99. பிளஸ் ஒன்னில் அரசியல் அறிவியல் படிக்க வேண்டும், பிறகு கலெக்டர் ஆக வேண்டும் என்கிறாள். இப்போதுள்ள பள்ளியில் அந்தப் பாடம் இல்லை. “இவ்வளவு மார்க்கை வைத்துக்கொண்டு ஆர்ட்ஸ் குரூப்பா?” என்று தலைமையாசிரியை கணிதம்–உயிரியல் பிரிவில் இடம் போட்டு வைத்திருக்கிறார். அப்பாவோ அந்தப் பாடத்தின் பெயரைக் கேட்டாலே கொதிக்கிறார். “பொம்பளப் பிள்ளைக்கு அரசியல் எதுக்கு?” என்பது அவர் கேள்வி. அவருடைய அண்ணன் ஒருமுறை வார்டு தேர்தலில் நின்று தோற்று, கடனுக்காக ஒன்றரை ஏக்கர் நிலத்தை விற்றவர்.

பக்கத்து நகரில் ஒரு தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளியில் இந்தப் பாடம் இருக்கிறது. ஆண்டுக்கு 85,000 ரூபாய் கட்டணம். ‘ஐ.ஏ.எஸ். அடித்தள வகுப்பு’ என்று மேலே 25,000. நகையை அடகு வைத்து அங்கே சேர்த்துவிடலாமா என்று தாய் யோசிக்கிறார். “இந்தப் பாடம் படிக்காவிட்டால் கலெக்டர் ஆகவே முடியாதாமே, நிஜமா?” என்று முடிகிறது கடிதம்.

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் கண் போய் நின்றது, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு சம்பவத்தில்தான். மே 1 கிராம சபைக்கு அப்பத்தாவுக்குத் துணையாகப் போயிருக்கிறாள் உங்கள் மகள். குடிநீர்க் குழாய் பற்றி அரை மணி நேரம் பேச்சு நடந்திருக்கிறது. பிறகு தீர்மான நோட்டில் வரிசையாகக் கையெழுத்து. அப்பத்தா கைநாட்டு வைக்கப் போகும்போது, “என்ன எழுதியிருக்குன்னு ஒருதடவை வாசிங்க, அப்புறம் வைக்கட்டும்” என்றிருக்கிறாள். ஊராட்சிச் செயலர் சிரித்துவிட்டு வாசித்திருக்கிறார். பேசிய குழாயைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பிறகு சேர்த்து எழுதியிருக்கிறார்கள். மறுநாள் டீக்கடையில் யாரோ, “உன் மக அரசியல்ல இறங்கிட்டா போல” என்று சொல்ல, உங்கள் வீட்டுச் சண்டை அங்கே ஆரம்பித்திருக்கிறது.

கிராம சபையின் உறுப்பினர் என்றால் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அது கிடையாது. அவள் கேட்டது தனக்காக இல்லை, அப்பத்தாவின் கைநாட்டுக்காக. இருபத்தாறு வருடம் பிளஸ் டூ வகுப்புகளுக்கு இந்தப் பாடத்தை எடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: புத்தகம் முழுவதையும் ஒப்பித்த பிள்ளைகளில்கூட இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஆகவே ஆர்வம் நிஜம்தானா என்ற சந்தேகம் எனக்கு இல்லை. ஆனால் அந்த ஆர்வத்துக்கு நீங்கள் கொடுக்கத் துணிந்திருக்கும் விலையும், அதற்கு நீங்கள் சொல்லும் காரணமும் சரிதானா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்பாவின் பயம்

உங்கள் கணவரைப் பிற்போக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர் பாடத்தைப் பார்த்துப் பயப்படவில்லை, அண்ணனின் நிலத்தைப் பார்த்துப் பயப்படுகிறார். தமிழில் நமக்கு இருப்பது ஒரே சொல்தான். மேடையில் நடப்பதும் அரசியல், மாமியார் வீட்டில் நடப்பதும் அரசியல், வகுப்பில் நடத்துவதும் அரசியல். பிரித்துப் பார்த்தால் அரசு, இயல். இயற்பியல், வேதியியல் மாதிரி இதுவும் ஓர் இயல். திருக்குறளின் பொருட்பாலில் இறைமாட்சி தொடங்கி வரும் 25 அதிகாரங்களுக்கு ‘அரசியல்’ என்றே பெயர் இருக்கிறது. இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் நான் எடுத்து வைத்த வாதங்களிலேயே அதிகம் எடுபட்டது இதுதான்.

இன்னொன்றும் சொல்லுங்கள். மகள் ஆசைப்படுகிறபடி கலெக்டர் ஆனால் அவளால் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக முடியாது. அகில இந்தியப் பணிகளுக்கான 1968-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் அதைத் தடுக்கின்றன. கட்சிக் கொடி கட்டாத வண்டிதான் வேண்டும் என்றால், இந்த வழியில் கிடைப்பது அப்படிப்பட்ட வண்டிதான்.

புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் குடிமையியல் என்று ஒரு பகுதி வந்ததல்லவா, இந்திய அரசியலமைப்பு, மத்திய அரசு, மாநில அரசு என்று? அதன் வளர்ந்த வடிவம் இது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் புத்தகம் அடிப்படைகளைச் சொல்கிறது: அரசு என்றால் என்ன, இறையாண்மை, சுதந்திரம், சமத்துவம், மக்களாட்சி, அரசாங்கத்தின் வகைகள், சிந்தனையாளர்கள், தேர்தல் முறைகள், உள்ளாட்சி. பிளஸ் டூ புத்தகம் அரசமைப்பு, சட்டமன்றம், நீதித்துறை, கூட்டாட்சி என்று இந்தியாவுக்குள் இறங்கி, அண்டை நாடுகளோடு உள்ள உறவு, உலக அமைப்புகள் வரை போகிறது.

பாடத் தலைப்புகளைச் சொன்னால் சப்பென்று இருக்கும். வகுப்பில் எப்படி இருக்கும் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். உத்திரமேரூர்க் கல்வெட்டு பற்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் பெருமை உண்டு. முதலாம் பராந்தகன் காலம், பத்தாம் நூற்றாண்டு, பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டு எடுக்கும் குடவோலை முறை, ‘அப்போதே நம்மிடம் தேர்தல் இருந்தது’ என்பார்கள். நான் கரும்பலகையில் அந்தக் கல்வெட்டு சொல்லும் தகுதிகளை மட்டும் எழுதுவேன். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் (வேலி என்பது பழைய நில அளவு) இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். எழுதி முடித்துவிட்டு, “இந்த வகுப்பில் யாருடைய முன்னோர் பெயர் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்கும்?” என்று கேட்பேன். முதலில் சிரிப்பு வரும், அப்புறம் அமைதியாகிவிடும். பெருமையை அழிக்க இதைச் செய்வதில்லை. ஊர் நிர்வாகக் குழுவான வாரியத்தில் உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது என்றும் அதே கல்வெட்டு சொல்கிறதே, அதையும் அடுத்து எழுதுவேன். அன்றைக்கு யாரெல்லாம் வெளியே நின்றார்கள், இன்றைக்கு 21 வயதான யாரும் ஊராட்சித் தேர்தலில் நிற்கலாம் என்று ஆனது எப்படி, நடுவில் என்னென்ன நடந்தது என்று வரிசையாகக் கேள்விகள் பிறக்கும். அவைதான் பாடம்.

அல்லது 1976 ஜனவரி 31-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று தமிழ்நாட்டு அரசு கலைக்கப்பட்டது. வீட்டில் பெரியவர்கள் அதை யார் சரி, யார் தப்பு என்று பேசுவார்கள். வகுப்பில் கேட்பது வேறு: அரசமைப்பின் எந்தப் பிரிவின் கீழ் கலைத்தார்கள்? 356. அந்த அதிகாரத்துக்கு வரம்பு உண்டா? 1994-இல், கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வரம்பு போட்டது. பெரும்பான்மை இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடம் சட்டமன்றம்தான், ஆளுநர் மாளிகை அல்ல என்றது. இதை ஒருதரம் புரிந்துகொண்ட பிள்ளை, அதன்பின் செய்தித்தாளை எங்கே திறக்க வேண்டும் என்று தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

இதில் ஒரு குறையும் இருக்கிறது. இந்தப் பாடத்தை மேலே சொன்ன மாதிரி எதையும் யோசிக்காமல் மனப்பாடம் செய்தும் மார்க் வாங்கிவிடலாம். எழுத்துத் தேர்வு 90, அக மதிப்பீடு 10. ஒரு மார்க் கேள்வி இருபது, மற்றவை இரண்டு, மூன்று, ஐந்து மார்க் கேள்விகள். நோட்ஸை உருப்போட்டே தொண்ணூறைத் தாண்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப் படித்தால் இரண்டு வருடம் வீண். எந்தப் பள்ளி என்பதைவிட, அங்கே இதை நடத்துகிறவர் கேள்வி கேட்க விடுகிறவரா என்பதை விசாரியுங்கள்.

தலைமையாசிரியை சொன்னதில் உள்ள உண்மை

‘ஆர்ட்ஸ் குரூப் என்றால் மார்க் குறைந்தவர்களுக்கு’ என்ற எண்ணம் நம் பள்ளிகளில் ஊறிப் போயிருக்கிறது. மார்க் பட்டியலை வைத்து மேலிருந்து கீழே குரூப்பைப் பிரித்துக் கொடுத்துப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தை நானும் உள்ளே இருந்து பார்த்தவள். அதில் நியாயம் இல்லை.

ஆனாலும் அவர் சொன்னதைத் தூக்கி எறிந்துவிட முடியாது. அறிவியல் பிரிவு படித்தவர் பிற்பாடு பி.ஏ. அரசியல் அறிவியலுக்கோ சட்டத்துக்கோ வரலாம். கலைப் பிரிவு படித்தவர் பொறியியல், மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங், மருந்தியல் பக்கம் போக முடியாது. ராணுவ அதிகாரியாக என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுத நினைத்தால்கூட, தரைப்படைக்கு எந்தப் பிரிவும் சரி. கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியலும் கணிதமும் வேண்டும். அந்தப் பக்கத்துக் கதவு பதினைந்து வயதிலேயே சாத்தப்படுகிறது என்பதை மகளும் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

ஆனால் கதவு திறந்திருக்கட்டும் என்பதற்காகவே, நுழைய ஆசையில்லாத வீட்டு வாசலில் இரண்டு வருடம் நிற்பதும் புத்திசாலித்தனம் ஆகாது. வேண்டா வெறுப்பாகப் படித்து மார்க் சரிந்தால், பிளஸ் டூ மார்க்கை வைத்து இடம் தரும் படிப்புகளிலும் பின்தங்கிவிடுவாள். ஒரு சோதனை செய்து பாருங்கள். பிளஸ் ஒன் அரசியல் அறிவியல் புத்தகமும் உயிரியல் புத்தகமும் தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டிலும் ஒவ்வொரு பாடம் படிக்கட்டும். படித்து முடித்ததும் ஒவ்வொன்றுக்கும், புத்தகத்தில் பதில் இல்லாத மூன்று கேள்விகளை எழுதட்டும். எதற்குச் சிரமப்படாமல் கேள்வி வருகிறது என்று அவளே பார்த்துக்கொள்வாள். உங்கள் கடிதத்தில் எல்லோரும் பேசுகிறார்கள். குரூப் விஷயத்தில் அவள் என்ன காரணம் சொன்னாள் என்பது மட்டும் இல்லை.

நகையை அடகு வைக்கும் முன்

கடிதத்தில் எனக்குக் கவலை தந்த இடம் இதுதான். கட்டணமும் ‘அடித்தள வகுப்பும்’ சேர்த்து இரண்டு வருடத்துக்கு 2,20,000 ரூபாய். அது கண்ணுக்குத் தெரிகிற செலவு. தெரியாத செலவு மூன்று உண்டு. பள்ளி மாற்றும்போது இவற்றை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

முதலாவது, 7.5 சதவீத ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்விப் படிப்புகளில் முன்னுரிமை தரும் சட்டம் 2021-இல் வந்தது. மருத்துவத்துக்கு அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. பொறியியல் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டப் படிப்பும் இதில் உண்டு. ஐந்து வருடத்தை முடித்துவிட்டாள், இன்னும் இரண்டு பாக்கி. இப்போது தனியார் பள்ளிக்குப் போனால் அந்த ஐந்து வருடமும் கணக்கில் வராது.

இரண்டாவது, புதுமைப் பெண் திட்டம். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். 2022-இல் தொடங்கியது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரித்தார்கள். தனியார் சி.பி.எஸ்.இ. மாணவிக்குக் கிடையாது. வீட்டைப் பிரிந்து விடுதியில் இருக்கும் பெண்ணுக்கு அந்த ஆயிரம் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2010-ஆம் ஆண்டுச் சட்டம். முன்பெல்லாம் பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்துவிட்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2020-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு அது நடக்காது. இப்போது மாநில அரசுப் பணிக்கு ஆள் எடுக்கும் தேர்வாணையமான டி.என்.பி.எஸ்.சி., ஒன்றாம் வகுப்பு முதல் அந்தப் பதவிக்குரிய படிப்பு வரை தமிழ்வழிச் சான்றிதழ் கேட்கிறது. நடுவில் இரண்டு வருடம் ஆங்கிலவழி என்றால் பட்டதாரிப் பணிகளுக்கான அந்த உரிமை போய்விடும், திரும்பி வராது. கலெக்டர் கனவு கைகூடாமல், குரூப் 1, குரூப் 2 என்ற மாநிலப் பணித் தேர்வுகளுக்கு வருகிற நிலையில் இந்தச் சான்றிதழின் அருமை தெரியும்.

இதற்கு மேல் மொழி இருக்கிறது. சி.பி.எஸ்.இ.யில் பிளஸ் டூ தேர்வைத் தமிழில் எழுத முடியாது. பத்து வருடம் ‘கூட்டாட்சி’ என்று படித்த பிள்ளை, ஒரே மாதத்தில் ஆறு மார்க் கேள்விக்கு ஆங்கிலத்தில் கட்டுரை எழுத வேண்டும். முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் முதல் வருடம் முழுக்க மொழிக்கே போய்விடும். கேள்வி கேட்கிற பிள்ளை, வாயைத் திறக்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கும். ‘ஐ.ஏ.எஸ். அடித்தள வகுப்பு’ பற்றிக் கேட்டீர்கள். பதினைந்து வயதில் தினமும் செய்தித்தாள் படிக்கிற வீட்டில் அது இலவசமாக நடக்கிறது. அதற்கு 25,000 தராதீர்கள்.

அப்படியானால் எங்கே?

உங்கள் கடிதத்தில் இருப்பது இரண்டே வழி: இந்தப் பள்ளி, அல்லது அந்தத் தனியார் பள்ளி. நடுவில் உள்ளதை நீங்கள் இன்னும் தேடவில்லை. மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்துக்கு ஒரு நாள் நேரில் போங்கள். அரசுப் பள்ளிகளில் எவற்றில் அரசியல் அறிவியல் உள்ள கலைப் பிரிவு தமிழ்வழியில் நடக்கிறது என்று கேளுங்கள். வரலாறு, புவியியல், பொருளியல் போன்றவற்றோடு சேர்ந்து வரும். எண்ணிக்கை குறைவுதான். அப்படி ஒன்று கிடைத்தாலும், பாடம் காகிதத்தில் மட்டும் இருக்கிறதா, நடத்த முதுகலை ஆசிரியரும் இருக்கிறாரா என்று பள்ளிக்கே போய்ப் பாருங்கள். இடம் காலியாகக் கிடந்து, வரலாற்று ஆசிரியர் ஒப்புக்கு எடுக்கிற பள்ளிகளும் உண்டு.

ஒரு மாணவிக்காகப் பள்ளியில் புதுப் பிரிவு தொடங்கச் சொல்லி உங்களால் உரிமையாகக் கேட்க முடியாது. அதற்கு அனுமதி, பணியிடம் எல்லாம் வேண்டும். வேறு பள்ளிக்குப் போக மாற்றுச் சான்றிதழ் கேட்பது உங்கள் உரிமை. ‘நல்ல மார்க் எடுத்த பிள்ளை’ என்று பாசத்தில் இழுத்தடிப்பார்கள். மரியாதையாக எழுத்தில் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். சேர்க்கை நாட்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

உதவி பெறும் பள்ளி ஒன்று பக்கத்தில் கிடைத்தால்? புதுமைப் பெண் திட்டமும், தமிழ்வழிச் சான்றிதழும் நிற்கும். 7.5 சதவீதம் போய்விடும், ஏனென்றால் அது அரசுப் பள்ளிக்கு மட்டும். சட்டம் படிக்கும் எண்ணம் இருந்தால் இந்த வித்தியாசம் முக்கியம்.

எதுவுமே ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இல்லை என்றால், இப்போதுள்ள பள்ளியில் வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் சேர்ந்த பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். பல அரசுப் பள்ளிகளில் இருக்கும். வரலாறும் பொருளியலும் அரசியல் அறிவியலின் அக்காள் தங்கைகள். அந்தப் பிரிவில் சேர்ந்து, அரசியல் அறிவியல் புத்தகங்களை வீட்டில் கதைப் புத்தகம் போலப் படிக்கட்டும். இந்திய அரசமைப்புச் சட்டம் தமிழிலேயே இருக்கிறது, அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். பிற்பாடு கலைக் கல்லூரியில் பி.ஏ. அரசியல் அறிவியல் சேர, பிளஸ் டூ-வில் அதே பாடம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாகக் கிடையாது. சென்னை மாநிலக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியிலேயே அந்தப் பட்டம் இருக்கிறது.

என் விருப்பம் எது என்றால்: ஆசிரியர் உள்ள வேறு அரசுப் பள்ளி முதலில், இதே பள்ளியின் வரலாறு–வணிகவியல் பிரிவு அடுத்து. தனியார் பள்ளி என் பட்டியலில் இல்லை. அந்தப் புத்தகச் சோதனையில் அவள் உயிரியல் பக்கம் சாய்ந்தால், தலைமையாசிரியை போட்டு வைத்த இடத்தை நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் தோல்வி ஒன்றும் இல்லை.

கலெக்டர் கனவு

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. நிஜம் இல்லை. ஐ.ஏ.எஸ்.-க்கு ஆள் எடுக்கும் குடிமைப் பணித் தேர்வுக்குத் தேவை ஏதாவது ஒரு பட்டமும் 21 வயதும். பிளஸ் டூ-வில் என்ன குரூப் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. டாக்டர்களும் பொறியாளர்களும் எழுதித் தேர்வாகிறார்கள். அரசியல் அறிவியல் படித்தவருக்கு உதவி இருக்கிறதா என்றால், இருக்கிறது. முதன்மைத் தேர்வில் அரசமைப்பு, ஆட்சிமுறை, சமூக நீதி, வெளியுறவு ஆகியவற்றுக்கென்றே 250 மார்க் தாள் ஒன்று வரும். விருப்பப் பாடமாகவும் இதையே எடுத்தால் இரண்டு தாள்களில் 500 மார்க். தமிழிலேயே எழுதலாம். ஆனால் அந்த உதவி, கல்லூரியில் படித்தாலும் கிடைக்கும். பிளஸ் ஒன்னில் படித்தால்தான் என்று இல்லை.

நல்ல பிள்ளைகளே பல வருடம் எழுதிக் களைத்துத் திரும்புகிற தேர்வு அது. அதை மட்டும் நம்பி ஒரு பாடத்தை எடுத்தால், தேர்வு கைவிடும்போது பாடமும் கசந்துவிடும். வெறும் பி.ஏ. அரசியல் அறிவியலுக்கு உடனே வேலை காத்திருக்காது என்பதையும் ஒளிக்க விரும்பவில்லை. எம்.ஏ., பி.எட். முடித்து என்னைப் போல ஆசிரியர் ஆகலாம். ஆனால் பாடம் உள்ள பள்ளிகளே குறைவு, பணியிடமும் குறைவு. பத்திரிகை, ஆய்வு, உள்ளாட்சி சார்ந்த தொண்டு நிறுவனங்கள் என்று வழிகள் உண்டு. எல்லாமே கொஞ்சம் சுற்றுவழி.

உங்கள் மகளுக்கு எனக்குத் தோன்றுவது சட்டம். பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு. எந்தக் குரூப் படித்தவரும் சேரலாம். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில் பிளஸ் டூ மார்க்கை வைத்து இடம். 7.5 சதவீதம் இங்கேதான் கை கொடுக்கும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு கிளாட் என்ற தனித் தேர்வு உண்டு, அது ஆங்கிலத்தில். கையெழுத்துக்கு முன் வாசிக்கச் சொல்கிற பிள்ளை வக்கீலாக வராமல் போனால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். படித்து முடிக்கும்போது வயது 22 ஆகியிருக்கும். கலெக்டர் ஆசை அப்போதும் இருந்தால், எழுதட்டும். கையில் ஒரு தொழில் இருக்கும்.

உங்கள் கணவரிடம் இதையெல்லாம் ஒரே நாளில் கொட்டாதீர்கள். முதலில் நகை அடகுக்குப் போகவில்லை என்று சொல்லுங்கள். பாதிக் கோபம் அங்கேயே இறங்கும்.

ஆகஸ்ட் 15 அன்று மறுபடி கிராம சபை வரும். அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். மே மாதம் சேர்த்து எழுதிய குழாய் என்ன ஆயிற்று என்று அப்பத்தாவே கேட்கட்டும். இந்த முறை அப்பாவும் கூடப் போகலாம். அவருக்கும் ஓட்டு இருக்கிறதே.